தனியாகப் பறக்கையில் நெருக்கடி: மாணவ விமானி செய்ய வேண்டியவை

தனிப் பறத்தலில் நேரும் நெருக்கடிகளில் பெரும்பாலானவை விமானத்தைத் தாமாகக் கீழே தள்ளுவதில்லை. கதவு திறந்துகொள்ளும், ரேடியோ ஊமையாகும், இன்ஜின் இருமும், வழி தப்பிப்போகும். இவற்றைக் கவனிக்கப் போய் வேகமானியைப் பார்க்க மறக்கும்போதுதான் விபத்து நேர்கிறது. வலது இருக்கையில் பயிற்றுநர் இருக்கும் வரை அந்த மறதியை ஒருவர் பிடித்துக்கொள்வார். தனியாகப் பறக்கும் நாளில் அந்த இருக்கை காலி.

இந்தியாவில் 16 வயது நிரம்பியவர் மாணவ விமானி உரிமம் பெறலாம். கமர்ஷியல் உரிமத்துக்குத் தேவையான 200 மணி நேரத்தில் 100 மணி நேரத்தையாவது விமானத் தலைவர் என்ற பொறுப்பில் பறந்திருக்க வேண்டும். ஆகவே பயிற்சியின் பாதிக்காலம் முடிவெடுப்பவர் மாணவரே. பயிற்றுநரின் எடை இல்லாததால் விமானத்தின் குணமும் சற்று மாறும்: வேகமாக ஏறும், தரையிறங்கும்போது ஓடுபாதைக்கு மேலே கூடுதல் தூரம் மிதக்கும். முதல் தனிப் பறத்தலில் பலரைத் திடுக்கிட வைப்பது இதுதான். இதில் கோளாறு எதுவுமில்லை.

இந்த அத்தியாயம் தாம்பரத்தையும் அதன் தென்கிழக்குப் புறநகரையும் பாடநிலமாக எடுத்துக்கொள்கிறது. ஏரி, சதுப்பு, குன்று, ரயில்பாதை, ஆறுவழிச்சாலை, உப்பளம், கடல் என்று ஒரு விமானி சந்திக்கக்கூடிய எல்லா வகை நிலமும் அங்கே ஒரே பார்வையில் கிடைக்கும். தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கு மேலே சுற்றுபவர்களை மாணவர்கள் என்று ஊரில் பலர் நினைப்பதுண்டு. ஆனால் அங்குள்ள பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1948ல் அம்பாலாவில் தொடங்கி 1954ல் தாம்பரத்துக்கு வந்தது. ஏற்கெனவே விமானியாக இருப்பவரைப் பயிற்றுநராக்குவதே அதன் வேலை. சிவிலியன் மாணவர்களுக்கான பயிற்சி சென்னையில் 1930ல் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்புடன் மீனம்பாக்கத்தில் தொடங்கியது. மீனம்பாக்கத்து வான்வெளி பயணிகள் விமானங்களால் நெரிபடும் இந்நாளில், மாணவர்கள் சேலம் போன்ற ஊர்களில் பறக்கிறார்கள்.

2025 நவம்பரில் அடுத்தடுத்த 2 நாட்களில் தமிழ்நாட்டில் நடந்தவை, நெருக்கடியின் இரு முகங்களைக் காட்டின. 13ஆம் தேதி சேலத்திலிருந்து வந்த செஸ்னா 172 பயிற்சி விமானம் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் இறங்கியது. உள்ளிருந்த இருவரும் பிழைத்தனர். மறுநாள், தாம்பரத்திலிருந்து வழக்கமான பயிற்சிக்குப் புறப்பட்ட விமானப்படையின் பிலேட்டஸ் பிசி-7 விமானம் திருப்போரூர்ப் பக்கம் விழுந்து நொறுங்கியது. விமானி இருக்கையோடு வெளியே பாய்ந்து பாராசூட்டில் இறங்கினார். செஸ்னாவிலோ பைப்பரிலோ அப்படிப் பாயும் இருக்கை கிடையாது. அதில் பறப்பவருக்கு விமானத்தைத் தரைவரை ஓட்டிக் கொண்டுவருவது ஒன்றே வழி.

புறப்படுமுன்

ஓடுபாதையின் முனையில் நின்று, த்ராட்டிலைத் தள்ளுமுன், மாணவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டிய மூன்று வாக்கியங்கள் உண்டு. ஓடும்போது கோளாறு தெரிந்தால் த்ராட்டிலை மூடி பிரேக் பிடிப்பேன். எழும்பியபின் பாதை மிச்சமிருந்தால் அதிலேயே இறங்குவேன். பாதை தீர்ந்துவிட்டிருந்தால் மூக்கைத் தாழ்த்தி, நேர் எதிரே, இடமும் வலமுமாகச் சுமார் 30 டிகிரிக்குள் கிடைக்கும் இடத்தில் இறங்குவேன். கேட்க ஆளில்லாவிட்டாலும் உரக்கச் சொல்வது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல. தரையில் எடுத்த முடிவை 300 அடியில் நினைவுகூர்வது எளிது. 300 அடியில் புதிதாக முடிவெடுக்க நேரம் இருக்காது.

காற்றின் திசையும் தரையிலேயே மனத்தில் பதிய வேண்டும். தென்சென்னையில் கோடைக்காலை மேற்குக் காற்றோடு விடியும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து நுழையும். வடகிழக்குப் பருவத்தில் காற்று பெயருக்கேற்ற திசையிலிருந்து வரும். காலை 8 மணிக்கு இறங்க உகந்ததாகத் தெரிந்த வயல், பிற்பகல் 2 மணிக்குப் பின்காற்றில் இறங்கும் வயலாகிவிடலாம்.

எழும்பியவுடன் இன்ஜின் நின்றால்

இதுதான் மிகக் கடினமானது. கண்ணெதிரே வீடுகள், முதுகுக்குப் பின்னால் நீண்ட ஓடுபாதை; திரும்பிவிட மனம் துடிக்கும். தாழ்ந்த உயரத்தில் திரும்பக் கூடாது. கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஓடுபாதைக்கு மீள 180 டிகிரி திரும்பினால் போதாது: திரும்பி முடிக்கும்போது விமானம் பாதைக்கு ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும், ஆகவே இன்னும் கொஞ்சம் திரும்பி மறுபடி நேராக்க வேண்டும். சீக்கிரம் திரும்பச் சாய்வைக் கூட்டினால் ஸ்டால் வேகம் (சிறகு தூக்குவிசையை இழக்கும் வேகம்) ஏறுகிறது: 45 டிகிரிச் சாய்வில் சுமார் 19 சதவீதம், 60 டிகிரியில் 41 சதவீதம். இன்ஜின் இல்லை, உயரம் இல்லை, வேகமும் தேய்கிறது. அந்த நிலையில் சிறகு ஸ்டால் ஆனால் விமானம் சுழன்று மூக்குக் குத்தி விழும். நேராக இறங்கி வேலியில் சிறகை உடைத்துக்கொண்டவர் உயிரோடு எழுந்து வர வாய்ப்பு மிக அதிகம். சுழன்று விழுந்தவருக்கு அந்த வாய்ப்பு அரிது. எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பதை அந்தந்த விமானத்துக்கும் பாதைக்கும் ஏற்பப் பயிற்றுநர் முன்கூட்டியே சொல்லியிருப்பார். அந்த எண்ணுக்குக் கீழே, திரும்புவது என்ற யோசனையே எழக் கூடாது.

உயரம் இருக்கும்போது

3000 அடியில் இன்ஜின் நின்றால் விமானம் கல்லைப் போல விழாது. க்ளைடு வேகத்தைப் பிடித்தால் அது அமைதியாக இறங்கிக்கொண்டே போகும். செஸ்னா 152க்கு அந்த வேகம் 60 நாட். செஸ்னா 172க்கு மாடலைப் பொறுத்து 65 முதல் 68 நாட். இந்த எண்ணை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாணவர் சொல்ல வேண்டும். முதல் செயல் மூக்கைச் சரிசெய்து இந்த வேகத்துக்கு வருவது. ட்ரிம் சக்கரத்தால் அதைப் பூட்டிவிட்டால் கை விடுபடும்.

காற்றில்லாத நாளில் செஸ்னா 172 ஒவ்வொரு 1000 அடிக்கும் சுமார் 2.7 கிலோமீட்டர் மிதக்கும். 3000 அடிக்கு 8 கிலோமீட்டர், ஏறக்குறைய 4 நிமிடம். தாம்பரம் ரயில் நிலையத்துக்கு மேலே இருப்பதாக வைத்துக்கொண்டால் தெற்கே வண்டலூரும் வடக்கே பல்லாவரமும் எட்டும், கேளம்பாக்கம் எட்டாது. எதிர்க்காற்று 20 நாட் வீசினால் இந்த 8 கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோகும். எட்டாத இடத்தை எட்ட மூக்கைத் தூக்கிப் பார்ப்பது மாணவர்களின் வழக்கமான தவறு. மூக்கைத் தூக்கினால் தூரம் கூடாது, குறையும்.

வேகம் நிலைத்ததும் இடத்தைத் தேர்ந்துகொண்டு அதை நோக்கித் திரும்ப வேண்டும். அதன்பிறகே இன்ஜினை உயிர்ப்பிக்க முயல வேண்டும்: எரிபொருள் செலக்டர், மிக்சர், கார்புரேட்டர் ஹீட், மேக்னட்டோ, ப்ரைமர். இவற்றைக் கை ஒரே வரிசையில் தொட்டுப் போகுமாறு தரையில் நிற்கும் விமானத்தில் உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும். செக்லிஸ்டைப் பிரித்துப் படிப்பது இதற்கெல்லாம் பிறகு, நேரமிருந்தால்.

கார்புரேட்டரில் பனி உறைவது குளிர்நாட்டுக் கதை என்று தமிழ்நாட்டு மாணவர்களில் சிலர் நினைக்கிறார்கள். கார்புரேட்டர் தொண்டையில் பெட்ரோல் ஆவியாவதாலும் காற்றழுத்தம் குறைவதாலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்கும் மேல் வீழ்வதுண்டு. சென்னையின் ஈரப்பதத்தில், வெளியே 28 டிகிரி இருக்கும்போதும், த்ராட்டிலைக் குறைத்து இறங்கும் நேரத்தில் பனி உறையும். இன்ஜின் மெல்ல வலுவிழந்து கரகரத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஹீட்டை முழுமையாக இழுத்தவுடன், உருகும் நீரை விழுங்குவதால் இன்ஜின் இன்னும் மோசமாக இருமும். அதைக் கண்டு பயந்து ஹீட்டை மூடிவிடக் கூடாது. சில விநாடிகளில் சீராகும்.

இடம் தேர்வு

மேலிருந்து பார்க்கையில் அழகாகத் தெரிவதெல்லாம் இறங்க ஏற்றதல்ல. தாம்பரத்தின் பச்சைத் திட்டுகளில் பெரியது சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம். உள்ளே அடர்ந்த மரங்கள். வண்டலூரின் பச்சையும் உயிரியல் பூங்காவும் காப்புக்காடும்தான். மேடவாக்கம், மாம்பாக்கம் பக்கம் செம்மண் வெளியாகத் தெரிபவை பெரும்பாலும் மனைப்பிரிவுகள். வரிசையாக நட்ட கற்கள் 500 அடிக்கு வரும்வரை கண்ணில் படாது. பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் இருக்கலாம் என்பதால் அதைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

ஏரிகள் தனி விஷயம். கோடையில் வற்றிய ஏரி ஓடுபாதையைப் போலக் கிடக்கும். ஆனால் வண்டல் அள்ளிய குழிகளும் சீமைக் கருவேல முட்களும் வெடித்த களிமண்ணும் அதில் இருக்கும். நடுவே பச்சை இல்லாமல், மாட்டுத்தடமும் வண்டித்தடமும் தெரியும் ஏரி ஓரளவு கெட்டி. வண்டி ஓடிய மண்ணில் விமானச் சக்கரமும் ஓடும். நீர் நிரம்பிய ஏரி வேறு விதத்தில் உதவும்: காற்று எந்தக் கரையிலிருந்து வருகிறதோ அந்தக் கரையோரம் நீர் அலையின்றிப் பளபளக்கும். புகைபோக்கியின் புகையும் ஒரு பக்கமாகச் சாயும் பனையோலையும் காற்றைக் காட்டும்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எந்நிலையிலும் தவிர்க்க வேண்டும். கோரைப்புல்லுக்கு அடியில் நீரும் சேறும். சக்கரம் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழும், மீட்பு வண்டியும் உள்ளே வர முடியாது. போதாக்குறைக்கு, பெருங்குடிக் குப்பைக்கிடங்கை நாடி வரும் பருந்துகளும் சதுப்புக்கு வரும் நீர்ப்பறவைகளும் அந்த வானத்தை நிறைத்திருக்கும். இன்ஜின் ஓடும்போதே தள்ளிப் போக வேண்டிய இடம் அது.

கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கத்து உப்பளங்கள் சமதளம்தான், ஆனால் குறுக்கும் நெடுக்குமாக வரப்புகள். வரப்புக்கு இணையாக இறங்க வேண்டும், குறுக்கே அல்ல. நெல்வயலுக்கும் இதே விதி. சம்பாப் பயிர் நிற்கும் நவம்பர் வயலில் தண்ணீர் இருக்கும். அறுவடை முடிந்த தாளடி வயல், கிடைக்கும் இடங்களிலேயே சிறந்தது.

சாலையில் இறங்கிப் பிழைத்த செய்தி வந்தபின் மாணவர்களுக்குச் சாலை மீது ஆசை வருவது இயல்பு. புதுக்கோட்டைச் சாலையையும் தாம்பரம் வழியே போகும் ஜி.எஸ்.டி. சாலையையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. பெருங்களத்தூரில் நெரிசல் இல்லாத வேளையைக் காண்பதே அரிது. வண்டலூரிலிருந்து வடக்கே போகும் வெளிவட்டச் சாலை அகலமானதுதான்; விளக்குக்கம்பம், மேலே குறுக்காக நிற்கும் பெயர்ப்பலகை, மேம்பாலம் ஆகியவற்றுக்கு இடையே 11 மீட்டர் இறக்கை விரிய இடம் தேட வேண்டும். சாலையில் செல்பவர் விமானியின் ஆபத்தில் பங்கேற்கச் சம்மதித்தவரல்லர் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். ரயில்பாதை இன்னும் மோசம்: தாம்பரம்–செங்கல்பட்டுத் தடம் முழுவதும் தலைக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி. எந்த வெளியானாலும் மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பம்தான் தெரியும்; இரு கம்பங்களைக் கண்டால் இடையில் கம்பி உண்டென்றே கொள்ள வேண்டும்.

தாம்பரம் ஓடுபாதையே எட்டும் தொலைவில் இருந்தால்? அது படைத்தளம், அனுமதியின்றி நுழையக் கூடாது என்ற விதி சாதாரண நாளுக்கானது. உயிராபத்தில் உள்ள விமானம் அங்கே இறங்கலாம். தகவல் சொல்லிவிட்டு இறங்குவதே முறை.

கடல் கடைசித் தெரிவு. கோவளத்துக்கு அப்பால் வேறு வழியில்லாமல் இறங்க நேர்ந்தால், மீன்பிடிப் படகுகளுக்கு அருகே, அலை மேடுகளுக்கு இணையாக இறங்க வேண்டும். மடங்காத சக்கரம் நீரில் பட்டவுடன் விமானம் தலைகீழாகலாம். நீரைத் தொடுமுன் கதவைத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி இடையில் ஏதாவது செருக வேண்டும்.

ரேடியோ

விமானத்தை ஓட்டு, வழி பார், பிறகு பேசு என்பது உலகெங்கும் பயிற்றுநர்கள் சொல்லும் வரிசை. தரையில் இருப்பவரால் விமானத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாது என்பதால் பேச்சு மூன்றாவது. ஆனால் மாணவர்கள் பேசத் தயங்குவதும் உண்டு: தேவையில்லாமல் கலவரப்படுத்திவிட்டோம் என்று பேர் வரும், பயிற்றுநர் கோபிப்பார் என்ற அச்சம். சந்தேகம் இருந்தாலே சொல்லிவிட வேண்டும். பிறகு எல்லாம் சரியானால் ரத்து செய்துகொள்ளலாம்.

உயிராபத்துக்கு மேடே, அவசரம் ஆனால் உடனடி ஆபத்தில்லை என்றால் பேன் பேன். எதுவானாலும் மூன்று முறை. அப்போது பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே சொல்ல வேண்டும், பதிலில்லாவிட்டால் 121.5 மெகாஹெர்ட்ஸ். அழைப்புக்குறி, என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறார், இடம், உயரம், எத்தனை பேர்: "இன்ஜின் ஃபெயிலியர், ஃபோர்ஸ்டு லேண்டிங், வண்டலூருக்குத் தெற்கே 3 மைல், 2000 அடி, ஸ்டூடண்ட் சோலோ, ஒன் ஆன் போர்டு" என்ற அளவில் போதும். 'ஸ்டூடண்ட் சோலோ' என்ற இரண்டு சொற்களைக் கேட்டதும் கட்டுப்பாட்டாளர் பேச்சின் வேகத்தைக் குறைப்பார், மற்ற விமானங்களை ஒதுக்குவார். ட்ரான்ஸ்பாண்டரில் 7700.

ரேடியோவே செத்துப்போனால் 7600. ஹெட்செட் பிளக்கையும் ஒலி அளவையும் முதலில் பார்க்க வேண்டும்; பல நேரம் கோளாறு அங்கேதான். ஓடுபாதைச் சுற்றில் (சர்க்யூட்) சேர்ந்து டவரைப் பார்த்தால் விளக்கு தெரியும். நிலையான பச்சை: இறங்கலாம். நிலையான சிவப்பு: வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. மின்னும் சிவப்பு: தளம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. மின்னும் பச்சை: இறங்குவதற்குத் திரும்பி வா.

மற்ற நெருக்கடிகள்

தீயில் இரண்டு வகை. இன்ஜின் தீ என்றால் மிக்சரை வெட்டி, எரிபொருளை அடைத்து, மாஸ்டர் சுவிட்சையும் கேபின் ஹீட்டையும் மூடி, வேகமாக இறங்க வேண்டும். பழைய செஸ்னா 172 கையேடு 100 நாட் என்கிறது. இந்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்ய முயலக் கூடாது. வயர் கருகும் வாடை என்றால் முதலில் மாஸ்டரை அணைக்க வேண்டும். மேக்னட்டோ தனியே மின்பொறி கொடுப்பதால் இன்ஜின் தொடர்ந்து ஓடும்.

பறக்கையில் கதவு திறந்தால் இரைச்சல் வரும், காகிதம் பறக்கும், அவ்வளவே. காற்றே கதவை ஏறக்குறைய மூடிப் பிடித்திருக்கும். அதை இழுத்துச் சாத்த முயல வேண்டாம். வழக்கமான சுற்றில் வந்து இறங்கிச் சாத்தலாம்.

சக்கரக் கோளாறுக்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து பெவர்லி விமான நிலையத்தில் 2018 செப்டம்பரில் நடந்தது. 17 வயது மாணவி பைப்பர் வாரியரில் முதன்முறை தனியாக எழும்பியபோது ஒரு சக்கரம் கழன்று விழுந்தது. அவர் சுற்றிக்கொண்டிருக்க, பயிற்றுநர் ரேடியோவில் பேசி வழிநடத்தினார். மாணவி காயமின்றி இறங்கினார். இன்ஜின் நன்றாக ஓடும்வரை அவசரமில்லை என்பதே அதில் கற்க வேண்டியது. எரிபொருள் இருக்கும்வரை நேரம் இருக்கிறது.

வழி தப்பினால் உயரம் ஏறி, தவறை ரேடியோவில் ஒப்புக்கொள்ள வேண்டும். உயரத்தில் பார்வையும் ரேடியோவும் தொலைதூரம் எட்டும். சென்னைக்குத் தெற்கே திசை தெரியாதவருக்குக் கடற்கரைக்கோடு பெரிய துணை: கிழக்கே போனால் பக்கிங்காம் கால்வாயும் கடலும் வந்தே தீரும். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையமும் வடக்கே சென்னை விமான நிலையத்தின் வான்வெளியும் இருப்பதால், கரையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் பறக்கக் கூடாது.

மேகத்துக்குள் நுழைவது இன்ஜின் நிற்பதைவிட ஆபத்தானது. 1954ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவி பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலையில் சோதித்தனர்; எல்லோருமே கட்டுப்பாட்டை இழந்தனர், சராசரியாக 178 விநாடியில். மேகம் சூழ்ந்தால் செயற்கைத் தொடுவானத்தை மட்டும் நம்பி, மென்மையாக 180 டிகிரி திரும்பி வந்த வழியே வெளியேற வேண்டும். விநாடிக்கு 3 டிகிரி என்றால் 1 நிமிடம். கோடை மாலைகளில் மேற்கே இடிமேகம் எழுந்தால், மழை தொடுமுன்பே அதன் புழுதிக்காற்று வந்து சேரும். அன்று இறங்கிவிடுவதே சரி.

இறங்கும்போதும் இறங்கியபின்னும்

தரையைத் தொடுமுன் எரிபொருள், மேக்னட்டோ, மாஸ்டர் மூன்றும் அணைந்திருக்க வேண்டும். செஸ்னாவில் ஃப்ளாப் மின்சாரத்தில் இயங்குவதால் மாஸ்டர் கடைசியில். இறுக்கிய பெல்ட், தாழ் நீக்கிய கதவு, முடிந்த அளவு குறைந்த வேகம். இறக்கை முறியலாம், வால் உடையலாம்; உட்காரும் கூடு முழுதாக இருந்தால் போதும்.

வெளியே வந்ததும் காற்று வரும் திசையில் தள்ளிப் போக வேண்டும். 112க்கும் பயிற்சி நிறுவனத்துக்கும் அழைத்து இருப்பிடத்தை அனுப்ப வேண்டும். விமானத்தின் அவசர ஒலிபரப்பி 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கியிருந்தால், செயற்கைக்கோள் வழியே பெங்களூரிலுள்ள மையத்துக்குச் செய்தி போயிருக்கும். சென்னைப் புறநகரில் 5 நிமிடத்தில் கூட்டம் சேர்ந்துவிடும், கையில் செல்போனும் சிலர் வாயில் பீடியும். கசியும் பெட்ரோலிடமிருந்து அவர்களை விலக்கி வைப்பது, போலீஸ் வரும்வரை மாணவரின் பொறுப்பு.

விமானத்தை யாரும் நகர்த்தக் கூடாது. ஆள் சிக்கியிருந்தால் விலக்கு உண்டு. சிவில் விமான விபத்துகளை விசாரிப்பது 2012ல் அமைந்த விமான விபத்து விசாரணை அமைப்பு. மாணவர் அன்றிரவே, வேறு யாருடனும் பேசிக் குழம்புமுன், நடந்ததை வரிசையாகத் தன் கையால் எழுதி வைக்க வேண்டும். அடுத்த தனிப் பறத்தலுக்கு முன் பயிற்றுநருடன் மறுபடி பறந்து காட்ட வேண்டும். அதற்குமுன் தனியாக எழும்ப எந்த நல்ல பயிற்றுநரும் கையெழுத்திட மாட்டார்.